ஸ்ட்ரக்ட் அளவு ஒத்துவராதபோது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சி மொழியில் அலைன்மென்ட் பிழை, அதாவது தரவு நினைவகத்தில் எந்த முகவரியில் அமர்கிறது என்பதில் வரும் பிழை, தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. படத்தின் அகலம் தப்பாக இருக்கிறது என்று வரும். கம்பைலரை மாற்றியதும் நிரல் விழுகிறது என்று வரும். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பதிவுகளை ஒப்பீடு வேறு வேறு என்கிறது என்றும் வரும். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "பேக்ட் போட்டுப் பாருங்கள்" என்பார். ஸ்ட்ரக்டின் (பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய வகையின்) நடுவே வெற்று பைட் விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி அது. போட்டதும் அறிகுறி மறையும். மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில் வேறு முகத்துடன் திரும்பி வரும்.

அதனால் இந்தக் குறிப்பை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம். வேறு சொல்லாத இடங்களில் எண்கள் அனைத்தும் 64 பிட் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் தருபவை.

## முதலில் அளந்து பாருங்கள்

ஒவ்வொரு வகைக்கும் அது தொடங்கக்கூடிய முகவரி பற்றிய ஒரு விதி உண்டு. ஷார்ட் 2இன் மடங்கிலும், இன்ட் 4இன் மடங்கிலும், டபுளும் பாயிண்ட்டரும் 8இன் மடங்கிலும் தொடங்கும். கேருக்கு எந்த முகவரியும் சம்மதம். இந்த விதியைக் காப்பாற்றக் கம்பைலர் உறுப்புகளுக்கு நடுவே வெற்று பைட்டுகளை இடுகிறது. அதுதான் பேடிங். ஸ்ட்ரக்டுக்கு, அதன் உறுப்புகளிலேயே கண்டிப்பான உறுப்பின் விதி பொருந்தும். மொத்த அளவும் அந்த எண்ணின் மடங்காகவே முடியும்.

இதை மனக்கணக்காகப் போடாதீர்கள். இருபது வருடம் சி எழுதியவர்களும் இதில் தவறுகிறார்கள். சைஸ்ஆஃப் (மொத்த அளவு), ஆஃப்செட்ஆஃப் (உறுப்பு தொடங்கும் இடம்) இரண்டையும் அச்சிட்டுப் பார்ப்பது முதல் வழி. நிரலை டீபக் தகவலுடன் தொகுத்திருந்தால் இன்னும் எளிது. 2018இல் வந்த ஜிடிபி டீபக்கர் 8.1 முதல், வகையை விவரிக்கும் அதன் பிடைப் கட்டளைக்குச் சாய்கோடும் ஓ என்ற எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வோர் உறுப்பின் ஆஃப்செட்டையும் நடுவிலுள்ள ஓட்டைகளையும் வரிசையாகக் காட்டும். அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ எழுதிய பாஹோல் இதற்கென்றே பிறந்த கருவி. எந்த உறுப்புக்குப் பின் எத்தனை பைட் ஓட்டை, கடைசியில் எத்தனை பைட் பேடிங், ஸ்ட்ரக்ட் எத்தனை கேஷ் வரிசைகளில் (செயலி நினைவகத்தை ஒரே தடவையில் எடுக்கும் துண்டுகளில்) பரவியிருக்கிறது என்பதையெல்லாம் சொல்லிவிடும். எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த அச்சு கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

## அறிகுறி: அளவு எதிர்பார்த்ததைவிடப் பெருத்திருக்கிறது

ஒரு கேர், ஓர் இன்ட், ஒரு கேர். கூட்டினால் 6. சைஸ்ஆஃப் 12 என்கிறது. முதல் கேர் 0இல். இன்ட் 4இல்தான் தொடங்க முடியும் என்பதால் நடுவே 3 பைட் ஓட்டை. இரண்டாவது கேர் 8இல். அத்துடன் 9 பைட்டில் முடிந்திருக்க வேண்டியது, மேலும் 3 பைட் போய் 12இல் முடிகிறது. பலருக்கும் புரியாதது இந்தக் கடைசி 3 பைட்தான். இதே ஸ்ட்ரக்டை வரிசையாக அடுக்கினால் இரண்டாவது ஸ்ட்ரக்டின் இன்ட்டும் 4இன் மடங்கில் விழவேண்டும் அல்லவா? அதற்கான இடம் அது.

தீர்வு உறுப்புகளை இடம் மாற்றுவது. இன்ட்டை முதலில் எழுதி இரண்டு கேர்களையும் பின்னால் வைத்தால் 8 பைட். பத்து லட்சம் பதிவுகள் என்றால் 120 லட்சம் பைட்டுக்குப் பதில் 80 லட்சம். பெரிய உறுப்பிலிருந்து சிறியதற்கு இறங்கி எழுதுவது என்ற ஒரே பழக்கம் பெரும்பாலான ஓட்டைகளை அடைத்துவிடும். கம்பைலரே ஏன் இதைச் செய்வதில்லை என்று கேட்கலாம். உறுப்புகள் எழுதிய வரிசையிலேயே நினைவகத்தில் இருக்க வேண்டும் என்பது சி தரநிலையின் விதி. ரஸ்ட் மொழிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சி அமைப்பு வேண்டும் என்று நாம் சொல்லாதவரை அது தன் இஷ்டப்படி மாற்றி அடுக்கிக்கொள்ளும்.

இந்த அறிகுறிக்கு மட்டும் பேக்ட் மருந்தே அல்ல. இரண்டே இரண்டு ஸ்ட்ரக்டுகள் இருக்கும் இடத்தில் 4 பைட் மிச்சம் பிடிக்கப் பேக்ட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில சிப்களில் அந்த ஒரு சொல்லுக்காக ஒவ்வோர் இன்ட்டையும் பைட் பைட்டாக எடுத்துக் கோக்க வேண்டிவரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

## அறிகுறி: கோப்பின் முதல் உறுப்பு சரி, அடுத்தவை எல்லாம் குப்பை

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பிட்மேப் படக் கோப்பு இதற்கு நல்ல உதாரணம்.

அதன் தொடக்கத் தலைப்பகுதி 14 பைட். 2 பைட் அடையாளம், 4 பைட் கோப்பளவு, ஒதுக்கி வைத்த இரண்டு 2 பைட் இடங்கள், படத்தரவு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 4 பைட். 512க்கு 512, 24 பிட் நிறம் கொண்ட ஒரு படத்தைப் பத்தடிமான எண்களில் கொட்டிப் பார்த்தால் கோப்பு இப்படித் தொடங்கும்:

66 77 54 0 12 0 0 0 0 0 54 0 0 0 40 0 0 0

66, 77 அடையாளம். அடுத்த நான்கு பைட்டுகளைச் சிறியது முதலாகப் படித்தால் 54 கூட்டல் 12 பெருக்கல் 65536, அதாவது 786486. அதுவே கோப்பின் அளவு. கடைசி உறுப்பு 54. படத்தரவு 54ஆவது பைட்டில் தொடங்குகிறது. அதற்குப் பின் வரும் 40 அடுத்த தலைப்பகுதியின் முதல் உறுப்பு.

இப்போது இதே உறுப்புகளை ஒரு ஸ்ட்ரக்டாக எழுதி, சைஸ்ஆஃப் தரும் அளவுக்கு அப்படியே கோப்பிலிருந்து வாசிக்கிறீர்கள். சைஸ்ஆஃப் 14 அல்ல, 16. அடையாளத்துக்குப் பின் 2 பைட் ஓட்டை விழுந்திருக்கிறது. ஆகவே அடையாளம் சரியாக வரும். கோப்பளவு 12 என்று வரும். இரண்டாவது ஒதுக்கிடத்தில் 54 வந்து உட்காரும். படத்தரவு தொடங்கும் இடம் 2621440 என்று வரும். அது 40ஐ 65536ஆல் பெருக்கியது. பக்கத்துத் தலைப்பகுதியின் 40 இங்கே கசிந்து வந்துவிட்டது.

முதல் உறுப்பு சரியாகவும் அடுத்த உறுப்புகள் ஒன்றின் மதிப்பு மற்றொன்றில் போய் உட்கார்ந்தும் இருந்தால், அது ஓட்டையின் கைரேகை. கோப்பு கெட்டிருக்கிறதோ என்று தேட வேண்டாம். கூடவே இன்னொரு தொல்லையும் உண்டு. 2 பைட் அதிகமாக வாசித்துவிட்டதால் அடுத்த தலைப்பகுதியும் 2 பைட் தள்ளித் தொடங்கும். அங்கே குறை தேடிக்கொண்டிருந்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

விண்டோஸில் இதே ஸ்ட்ரக்ட் ஒழுங்காக வேலை செய்யும். அங்குள்ள ஹெடர் கோப்பு அந்த வரையறையைச் சுற்றி 2 பைட் பேக்கிங்கைப் போட்டு வைத்திருக்கிறது. ஸ்ட்ரக்டை மட்டும் நகலெடுத்து லினக்ஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் அந்த இரண்டு வரியை விட்டுவிடுகிறார்கள்.

தீர்வு இரண்டு. ஸ்ட்ரக்டுக்குப் பேக்ட் போடலாம், இங்கே அது நியாயமானதே. எனக்குப் பிடித்தது மற்றது: 14 பைட் கொண்ட ஒரு வெறும் வரிசையில் வாசித்து, ஒவ்வோர் எண்ணையும் பைட்டுகளை ஷிஃப்ட் செய்து கோத்து, சாதாரண ஸ்ட்ரக்டில் போடுவது. பத்து வரி அதிகம் எழுத வேண்டும். ஆனால் கோப்பின் அமைப்பு அந்தப் பத்து வரியில் மட்டும் இருக்கும். நினைவகத்தில் ஸ்ட்ரக்ட் எப்படி அமைகிறது என்பது கம்பைலரின் உரிமை. கோப்பில் எப்படி அமைகிறது என்பது கோப்பு வடிவத்தை வகுத்தவரின் உரிமை. இந்த இரண்டையும் ஒரே வரையறையில் கட்டிப்போடுவதால்தான் இந்தக் குறிப்பில் உள்ள பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

## அறிகுறி: பேக்ட் போட்டும் அளவு குறையவில்லை

வெளி ஸ்ட்ரக்டுக்குள் இன்னொரு ஸ்ட்ரக்ட் இருக்கிறதா பாருங்கள். ஜிசிசியில் பேக்ட் உள்ளே இறங்காது. உள் ஸ்ட்ரக்ட் ஒரு கேரும் ஓர் இன்ட்டும் கொண்டது என்றால் அதன் அளவு 8. அதை ஒரு கேருடன் சேர்த்து வெளி ஸ்ட்ரக்டைப் பேக் செய்தால் 9 கிடைக்கும், 6 கிடைக்காது. உள் ஸ்ட்ரக்டின் 3 பைட் ஓட்டை அப்படியே இருக்கும். அதற்கும் தனியே பேக்ட் வேண்டும்.

## அறிகுறி: ஒரு முனையில் 12, மறுமுனையில் 16

ஒரே ஸ்ட்ரக்ட், இரண்டு இயந்திரங்கள், இரண்டு அளவு. பொதுவாக இங்கே பார்க்க வேண்டியவை சில.

32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஸ்ட்ரக்டுக்குள் வரும் டபுளும் 64 பிட் முழு எண்ணும் 4இன் மடங்கில் உட்கார்ந்தால் போதும். 64 பிட்டில் 8 வேண்டும். ஆகவே ஒரு 32 பிட் எண்ணும் ஒரு 64 பிட் எண்ணும் கொண்ட ஸ்ட்ரக்ட் அங்கே 12, இங்கே 16. எல்லா 32 பிட்டும் ஒன்று என்றும் எண்ணிவிடக் கூடாது. 32 பிட் விண்டோஸும் இன்றைய 32 பிட் ஆர்ம் லினக்ஸும் 8தான் கேட்கின்றன. 32 பிட் நிரல் 64 பிட் கெர்னலுடன் பேசும்போது இது பெரும் தலைவலி. அதற்காகவே லினக்ஸ் கெர்னல் எப்போதும் 8இன் மடங்கில் அமரும் ஒரு தனி 64 பிட் வகையை வைத்திருக்கிறது.

லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். இரண்டுக்கும் பொதுவான ஸ்ட்ரக்டில் லாங் என்ற சொல்லே வரக் கூடாது.

ஈனம் (பெயரிட்ட எண்களின் பட்டியலான வகை) இன்னொரு கண்ணி. இயங்குதளம் இல்லாத ஆர்ம் சிப்புகளுக்கான ஜிசிசி, மதிப்புகள் அடங்கும் மிகச் சிறிய வகையை ஈனமுக்குத் தரும். பெரும்பாலும் 1 பைட். லினக்ஸில் அதே ஈனம் 4 பைட். சிப்பிலிருந்து லினக்ஸுக்கு அனுப்பும் செய்தியில் ஈனம் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நகரும்.

மறுமுனையில் பைத்தான் இருந்தால் அதன் ஸ்ட்ரக்ட் தொகுதியைக் கவனியுங்கள். நம் பழைய கேர், இன்ட், கேர் ஸ்ட்ரக்டையே எடுத்துக்கொள்வோம். சி மொழியில் 12. பைத்தானில் வடிவக் குறியீட்டின் முன் = போட்டால் 6. ஒன்றும் போடாமல் விட்டால் 9! ஏனென்றால் அது நடு ஓட்டையை இடுகிறது, வால் பேடிங்கை இடுவதில்லை. 12 வேண்டுமென்றால் குறியீட்டின் முடிவில் பூஜ்ஜியம் என்ற எண்ணிக்கையுடன் ஓர் இன்ட்டைச் சேர்க்க வேண்டும். இது ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை, நானும் படித்திருக்கவில்லை.

பிட் ஃபீல்டு (சில பிட்டுகளை மட்டும் எடுக்கும் உறுப்பு) பற்றி ஒரே வரி: இரு கம்பைலர்களுக்கு இடையே செல்லும் ஸ்ட்ரக்டில் அதைப் பயன்படுத்த வேண்டாம். எந்தப் பிட் முதலில், வகை மாறும்போது புதிய இடம் தொடங்குமா என்பதெல்லாம் கம்பைலரின் விருப்பம். மைக்ரோசாஃப்டும் ஜிசிசியும் இதில் ஒத்துப்போவதில்லை.

தீர்வு: அளவு பெயரிலேயே உள்ள முழு எண் வகைகள், பெரியது முதல் சிறியது வரையான வரிசை, ஓட்டை விழும் இடத்தில் நீங்களே பெயரிட்டு வைக்கும் ஒதுக்கிட உறுப்பு, மொத்த அளவு 8இன் மடங்கு. இப்படி எழுதினால் பேக்ட் இல்லாமலேயே இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும்.

## அறிகுறி: ஒரே நிரலுக்குள் ஒரே ஸ்ட்ரக்டுக்கு இரண்டு அளவு

இதில் என் இரண்டு நாள் போயிருக்கிறது.

ஒரு சென்சாரை நொடிக்கு ஒருமுறை வாசிக்கும் நிரல். அமைப்புகளுக்கான ஸ்ட்ரக்டில் முதல் உறுப்பு ஒரு பைட் அளவுள்ள முறை, இரண்டாவது 32 பிட் இடைவெளி, மில்லிநொடியில். ஒரு கோப்பில் இடைவெளியை 1000 என்று எழுதுகிறேன். இன்னொரு கோப்பில் உள்ள த்ரெட் அதைப் படித்துத் தூங்கப் போகிறது. எழவே இல்லை. டீபக்கரில் எழுதும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் 1000. படிக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் 3892314112. அதாவது ஏறத்தாழ 45 நாள். யாரோ நினைவகத்தை மிதிக்கிறார்கள் என்று முதல் நாள் முழுக்க வாட்ச்பாயிண்ட் வைத்துக் காத்திருந்தேன். யாரும் மிதிக்கவில்லை.

அந்தப் பெரிய எண்ணைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. 1000 என்பது பைட்டுகளில் 232, 3, 0, 0. 3892314112 என்பது 0, 0, 0, 232. எழுதியவர் 4ஆவது பைட்டிலிருந்து எழுதுகிறார். படிப்பவர் 1ஆவது பைட்டிலிருந்து படிக்கிறார். 3 பைட் ஓட்டையும் 232உம் அவருக்குக் கிடைக்கிறது. ஒருவருக்கு ஸ்ட்ரக்ட் சாதாரணமானது, மற்றவருக்குப் பேக் செய்யப்பட்டது.

சென்சார் விற்பனையாளர் தந்த ஹெடர் கோப்பில் தொடக்கத்தில் பிராக்மா பேக் 1, அதாவது இனி வரும் ஸ்ட்ரக்டுகளை ஓட்டையின்றி அடுக்கு என்ற கட்டளை, இருந்தது. முடிவில் அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் வரி இல்லை. அதற்குப் பின் இன்க்ளூட் செய்யப்படும் எந்த ஸ்ட்ரக்டும் பேக் ஆகிவிடும். பல மாதம் அது எங்கள் இன்க்ளூட் பட்டியலில் கடைசியாக இருந்ததால் யாரையும் கடிக்கவில்லை. ஒரு நாள் வடிவமைப்புக் கருவி ஒரு கோப்பின் இன்க்ளூட் வரிகளை அகரவரிசைப்படுத்தியது. அன்றே தொடங்கியது கோளாறு.

கண்டுபிடிக்கும் வழி: சந்தேகப்படும் ஸ்ட்ரக்டுக்கு அடுத்த வரியிலேயே அதன் சைஸ்ஆஃப் இத்தனைதான் என்று ஸ்டேடிக் அசர்ட் போட்டு எல்லாவற்றையும் மறுபடி தொகுங்கள். 2011ஆம் ஆண்டுத் தரநிலை முதல் இது சி மொழியிலேயே உண்டு. எந்தக் கோப்பு தொகுக்க மறுக்கிறதோ அங்கேதான் விஷம் முன்னால் வந்திருக்கிறது. அந்தக் கோப்பை முன்செயலியோடு நிறுத்தி வெளியீட்டில் பிராக்மா என்று தேடினால், திறந்து மூடாமல் விட்ட வரி அகப்படும். பிராக்மா வரிகள் முன்செயலியைத் தாண்டியும் அப்படியே நிற்கும். கிளாங் கம்பைலரிடம் இதற்கென்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஜிசிசியில் இணைப்பு நேர உகப்பாக்கத்தை இயக்கினால் வகைப் பொருத்தமின்மை எச்சரிக்கையும் சில சமயம் பிடித்துக்கொடுக்கும்.

பிறர் தந்த ஹெடரைத் திருத்த வேண்டாம். அடுத்த பதிப்பில் உங்கள் திருத்தம் போய்விடும். நம்முடைய ஒரு சிறு ஹெடர் எழுதி, அதில் பிராக்மா பேக் புஷ், பின் அவர்கள் ஹெடர், பின் பாப் என்று சுற்றிவையுங்கள். மற்ற எல்லாக் கோப்புகளும் இந்தச் சிறு ஹெடரையே இன்க்ளூட் செய்யட்டும்.

## அறிகுறி: நிரல் விழுகிறது

எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துக் கதை மாறும்.

கார்டெக்ஸ் எம்3, எம்4 என்ற ஆர்ம் சிப்புகளில் ஓடிய நிரல் எம்0வில் உடனே ஹார்ட் ஃபால்ட் ஆகி நிற்கிறது. எம்0 எந்த ஒழுங்கற்ற முகவரியையும் ஏற்காது. எம்3, எம்4 தனித்தனிச் சொற்களை (4 பைட் துண்டுகளை) எடுக்கும்போது பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே கட்டளையில் இரண்டு அல்லது பல சொற்களை எடுக்கும்போது பொறுக்காது. அதனால்தான் எம்4இல் "உகப்பாக்கம் இல்லாமல் ஓடுகிறது, உகப்பாக்கினால் விழுகிறது" என்ற புகார் வருகிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு எண்களைக் கம்பைலர் ஒரே கட்டளையில் எடுத்துவிடுகிறது. எம்3, எம்4இல் யூசேஜ் ஃபால்ட் நிலை ரெஜிஸ்டரின் 8ஆவது பிட் எழுந்திருந்தால் காரணம் இதுவே. வேறு தேட வேண்டாம். எம்0வில் அந்த ரெஜிஸ்டரே கிடையாது. ஃபால்ட் ஆனபோது ஸ்டாக்கில் தள்ளப்பட்ட எட்டுச் சொற்களில் ஏழாவதை, அதாவது 24ஆவது பைட்டில் இருப்பதைப் பார்த்தால் விழுந்த கட்டளையின் முகவரி கிடைக்கும். அது எடுக்கப் போன முகவரி 4ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள்.

பழைய ஆர்ம், அதாவது ஐந்தாம் தலைமுறையும் அதற்கு முந்தியதும், இதைவிட மோசம். அங்கே விழாது. ஒழுங்கான முகவரியில் உள்ள சொல்லை எடுத்து, பைட்டுகளைச் சுழற்றித் தந்துவிடும். அமைதியாகத் தவறான எண் வரும். 32 பிட் ஆர்ம் லினக்ஸில் பிராக் அடைவின் கீழ் சிபியு அடைவில் அலைன்மென்ட் என்ற கோப்பு ஒன்று இருக்கும். கெர்னல் இப்படி எத்தனை முறை தலையிட்டுத் திருத்தியது என்ற எண்ணிக்கை அதில் தெரியும்.

எக்ஸ்86இல் "நமக்கு அலைன்மென்ட் கவலை இல்லை" என்று ஒரு நம்பிக்கை உண்டு. சாதாரணக் கட்டளைகளுக்கு அது உண்மை. ஆனால் 16 பைட்டை ஒரே மூச்சில் எடுக்கும் வெக்டர் கட்டளைகளில் ஒழுங்கைக் கட்டாயம் கேட்கும் வகை இருக்கிறது. ஓர் இன்ட் வரிசையைக் கூட்டும் சுழற்சியைக் கம்பைலர் வெக்டராக்கும்போது, இன்ட் பாயிண்ட்டர் என்றால் 4இன் மடங்குதான் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. நீங்கள் கேர் பஃபரின் நடுவிலிருந்து ஒரு முகவரியை எடுத்து இன்ட் பாயிண்ட்டராக மாற்றிக் கொடுத்திருந்தால் கணக்கு பொய்க்கும். ஓ2 என்ற உகப்பாக்க நிலையில் ஓடியது ஓ3இல் விழும். 2022இல் வந்த ஜிசிசி 12 முதல் ஓ2விலும் வெக்டராக்கம் உண்டு என்பதால், கம்பைலரை மட்டும் மாற்றியவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. இப்படி விழும்போது லினக்ஸ் செக்மென்டேஷன் ஃபால்ட் என்றே சொல்லும், சிக்னலோடு வரும் முகவரி 0 என்றிருக்கும். பார்த்தவர்கள் நல் பாயிண்ட்டரைத் தேடிப் போவார்கள். கெர்னல் பதிவைப் பாருங்கள். அங்கே ஜெனரல் புரொடக்‌ஷன் என்ற சொல் இருந்தால் நல் பாயிண்ட்டர் அல்ல. ஜிடிபியில் விழுந்த கட்டளையையும், அது பயன்படுத்திய ரெஜிஸ்டரையும் பதினாறடிமானத்தில் அச்சிடுங்கள். முகவரியின் கடைசி இலக்கம் 0 இல்லையென்றால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

மூன்றுக்கும் தீர்வு ஒன்றே. பாயிண்ட்டரை வகைமாற்றாமல், பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி மூலம் ஓர் உள்ளூர் மாறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மெம்காப்பி மெதுவாயிற்றே என்று தயங்க வேண்டாம். 4 பைட் என்று கம்பைலருக்குத் தெரிந்தால் எக்ஸ்86இல் அது ஒரே கட்டளையாகச் சுருங்கிவிடும். பேக் செய்த ஸ்ட்ரக்டின் உறுப்பை நேரடியாகப் படிப்பதும் பாதுகாப்பானதே. கம்பைலருக்கு விஷயம் தெரியும். அந்த உறுப்பின் முகவரியை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போதுதான் அந்தத் தகவல் தொலைந்துபோகிறது. கிளாங் 4உம் ஜிசிசி 9உம் முதல் இதற்கு எச்சரிக்கை வருகிறது. அதை அணைத்து வைத்திருக்கும் திட்டங்கள் நிறைய. முதலில் அதை இயக்குங்கள். பிறகு வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் சானிடைசரை அலைன்மென்ட் சோதனையுடன் ஓட்டுங்கள். எந்த வரியில், எந்த முகவரியில், எத்தனை பைட் ஒழுங்கு வேண்டியிருந்தது என்று அது சொல்லிவிடும், எக்ஸ்86இல்கூட.

## அறிகுறி: ஒன்றுபோல் இருக்கும் இரண்டை மெம்கம்ப் வேறு என்கிறது

உறுப்புகளை ஒவ்வொன்றாக அச்சிட்டால் எல்லாம் சமம். பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப் ஒத்துக்கொள்ளவில்லை, ஹாஷ் மதிப்பும் வேறு வருகிறது. ஓட்டைகளில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை, ஸ்டாக்கில் முன்பு இருந்த மிச்சம் அப்படியே கிடக்கிறது. நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்டில் ஓட்டினால், ரைட் அழைப்புக்குத் தந்த பஃபரில் தொடக்க மதிப்பு தரப்படாத பைட்டுகள் இருப்பதாகச் சொல்லும். எல்லா உறுப்புக்கும்தானே மதிப்பு கொடுத்தோம் என்று குழம்புவீர்கள். அந்த பைட்டுகள் உறுப்புகளே அல்ல.

உறுப்பு உறுப்பாக ஒப்பிடுவதே முறையான வழி. ஹாஷ் சாவியாகத்தான் வேண்டுமென்றால், ஓட்டையே இல்லாதபடி ஒதுக்கிட உறுப்புகளுக்குப் பெயர் கொடுத்து பூஜ்ஜியம் இடுங்கள். மெம்செட் செய்துவிட்டு உறுப்புகளை நிரப்புவது பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் ஓர் உறுப்பில் எழுதும்போது பக்கத்துப் பேடிங் என்ன ஆகும் என்பதற்குத் தரநிலை உறுதி தருவதில்லை. கெர்னல் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் ஒப்பீட்டுப் பிரச்சினையும் அல்ல. ஸ்டாக்கில் இருக்கும் ஸ்ட்ரக்டைப் பயனர் பக்கத்துக்கு நகலெடுத்தால் ஓட்டையோடு சேர்ந்து கெர்னல் நினைவகத்தின் துணுக்குகளும் வெளியே போகும். இந்த வகைக் கசிவுகளுக்கே ஏராளமான பாதுகாப்புத் திருத்தங்கள் வந்திருக்கின்றன.

## அறிகுறி: வன்பொருள் ரெஜிஸ்டரில் எழுதியது பாதிதான் ஏறுகிறது

ரெஜிஸ்டர்களை விவரிக்கும் ஸ்ட்ரக்டில் பேக்ட் இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். எம்0 போன்ற சிப்பில் பேக்ட் உறுப்பில் எழுதுவது நான்கு தனி பைட் எழுத்துகளாக உடையும். முழுச் சொல்லாக எழுதினால் மட்டுமே ஏற்கும் வன்பொருள் அதை மதிக்காது. ரெஜிஸ்டர்கள் எப்படியும் 4இன் மடங்கில்தான் இருக்கின்றன. இடைவெளிகளை ஒதுக்கிட உறுப்புகளால் நிரப்பி, ஆஃப்செட்களை ஸ்டேடிக் அசர்ட் கொண்டு பூட்டினால் போதும்.

## அறிகுறி: த்ரெட்களைக் கூட்டினால் வேகம் குறைகிறது

இது எதிர்ப்பக்கத்து நோய். இங்கே உறுப்புகள் மிக நெருக்கமாக இருப்பதுதான் சிக்கல். இரண்டு த்ரெட்கள், ஆளுக்கொரு எண்ணி, இரண்டும் ஒரே 64 பைட் கேஷ் வரிசையில். ஒருவர் எழுதும்போதெல்லாம் மற்றவரின் நகல் செல்லாததாகிறது. தரவில் பகிர்வு இல்லை, வரிசையில் பகிர்வு. லினக்ஸின் பெர்ஃப் கருவியில் சிடுசி என்ற துணைக்கட்டளை எந்த வரிசையில் இந்த இழுபறி நடக்கிறது என்று காட்டும். எண்ணிகளைத் தனித்தனி வரிசைகளுக்கு அலைன் செய்யுங்கள். எக்ஸ்86இல் 64, ஆப்பிள் எம்1இல் 128.

அலைனாஸ் 64 (64இன் மடங்கில் வை) என்று வகையில் எழுதிவிட்டு, நினைவகம் ஒதுக்கும் மெலாக்கில் இடம் கேட்டால் பயன் இல்லை. 64 பிட் ஜிலிப்சியின் மெலாக் 16இன் மடங்குக்கு மட்டுமே உறுதி தரும். 2011 தரநிலையின் அலைன்ட் அலாக் உங்களுக்கு வேண்டியது.

அணு மாறியை (மற்ற த்ரெட்கள் குறுக்கிடாமல் ஒரே மூச்சில் மாற்றும் மாறியை) பேக் செய்த ஸ்ட்ரக்டில் வைத்து, அது இரண்டு கேஷ் வரிசைகளுக்குக் குறுக்கே விழுந்தால் நிலைமை இன்னும் கெடும். ஒரு நிரலின் தவறுக்கு முழு இயந்திரமும் பஸ்ஸைப் பூட்டிக்கொண்டு காத்திருக்கும். 2020இல் வந்த லினக்ஸ் 5.7 முதல், இதைக் கண்டறிய முடிந்த செயலிகளில் கெர்னல் பதிவில் ஸ்பிளிட் லாக் என்ற எச்சரிக்கை விழுகிறது. அந்தச் சொல் கண்ணில் பட்டால் பேக்ட் எங்கே என்று தேடுங்கள்.

## அறிகுறி: அளவு சரி, ஆஃப்செட் சரி, எண் மட்டும் தவறு

பிட்மேப்பின் கோப்பளவு 12 என்று வந்தால் அது ஓட்டை என்று பார்த்தோம். அதே இடத்தில் 905972736 வந்தால்? 54, 0, 12, 0 என்ற அதே நான்கு பைட்டுகள்தான். பக்கத்து உறுப்பிலிருந்து எதுவும் கசியவில்லை. பெரியது முதலாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இது அலைன்மென்ட் அல்ல, பைட் வரிசை. இதற்கு பிராக்மாவையும் பேக்டையும் எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அதே எண்தான் திரும்பத் திரும்ப வரும்.